லேமினேஷன் போட்ட சாவி

நவம்பர் 9, ஞாயிறு

காப்பீட்டு முகவர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. பத்து மாதமாக காஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர இதில் நான் எதுவும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கடைக் கட்டடத்தை விற்கப் போகிறார்களாம். கட்டட உரிமையாளர் லெட்சுமண அண்ணாச்சி காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

"பெங்களூர்ல இருக்க மவன் வித்துருங்கான். செல்போன் ஷோரூம்காரன் தெனமும் வந்து நிக்கான். ஆனாலும் பதினாலு வருசமா நீங்க இருக்கீங்க. மொத வாய்ப்பு உங்களுக்குத்தான். மார்கழி பொறக்கதுக்கு முந்தி முடிச்சிரணும். டிசம்பர் பன்னெண்டு, வெள்ளிக்கிழமை. அன்னைக்குப் பத்திரம் ஆவலைன்னா ஷோரூம்காரனுக்குத்தான், என்னைக் கொறை சொல்லப்பிடாது."

அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசுக்கு நேர் எதிரே 'ஆவுடை ஜெராக்ஸ்' என்று பலகை தொங்குகிற கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்கேன், லேமினேஷன், நான்கு கம்ப்யூட்டர். அந்த இடத்தை விட்டால் அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் போக வேண்டும். அங்கே ஜெராக்ஸ் எடுக்க யார் வருவார்கள், ஆடா?

அண்ணாச்சி போனதும் நான் அலறினேன். என் வீட்டுக்காரர் பிரமநாயகம் தோசையைத் திருப்பிப் போட்டபடி, "நம்மகிட்ட இருக்குல்லா" என்றார்.

இருக்கிறதுதான். 2016-இல் எந்த நாட்டுக்காரனோ ஒருவனுக்கு இவர் கம்பெனி முத்திரைகள் வரைந்து கொடுத்தார். அவன் கூலியாக பிட்காயின் அனுப்பினான். கண்ணால் பார்க்க முடியாத காசை வாங்கிக்கொண்டு வந்தாரே என்று அன்றைக்கு நான் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டிருக்கும். அதை இவர் விற்காமல் கிணற்றில் போட்ட கல் மாதிரி வைத்திருந்தார். இப்போது அதையும் பேங்க் லோனையும் சேர்த்தால் கட்டடம் எங்களுக்கு வந்துவிடும். டிசம்பர் ஒன்பதாம் தேதி விற்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

திட்டியதை நான் வாபஸ் வாங்கவில்லை. அது அந்தக் காலத்துக்குச் சரியான திட்டுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

அந்தக் காயினெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒரு டப்பியைக் காட்டினார். பென்டிரைவ் அளவு, கடுகு டப்பாவின் மூடி அளவுக்குத் திரை, இரண்டு பொத்தான். ஹார்டுவேர் வாலட்டாம். அதைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த கம்ப்யூட்டர்லயா? தாலுகா பூராவும் பென்டிரைவைக் கொண்டாந்து சொருகுத மிஷினு. அதுல இல்லாத வைரஸ் கிடையாது."

"இருந்துட்டுப் போவுது. சாவி இந்த டப்பியை விட்டு வெளிய வராது ஆவுடை. கம்ப்யூட்டர் தாளை நீட்டும், இது உள்ளயே கையெழுத்துப் போட்டு வெளிய குடுக்கும். எதுத்தாப்புல தாசில்தார் பேனாவை ஜன்னல் வழியா வெளிய குடுக்காராக்கும்?"

"தாளே தப்பான தாளா இருந்தா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல கேள்வி. அதுக்குத்தான் இந்தத் திரை. யாருக்குப் போவுதுன்னு இதுல வர்றதைப் படிச்சுட்டுத்தான் பொத்தானை அமுக்கணும். கம்ப்யூட்டர் பொய் சொல்லும், இது சொல்லாது."

இருந்தாலும் நாலு கம்ப்யூட்டருக்கும் ஆன்டிவைரஸ் போட்டேன். மரியபாக்கியம் அக்காவிடம் கீபோர்டுகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னேன். அக்கா என்னோடு ஒன்பது வருஷமாக ஜெராக்ஸ் மெஷினில் நிற்பவள். "வைரசு கையில ஒட்டுமா ஆவுடையம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துடைத்தாள்.

நவம்பர் 13, வியாழன்

மழை. பீரோவுக்குள்ளெல்லாம் ஈரவாடை. துணியை எடுத்து உதறும்போது அவருடைய புத்தகம் ஒன்றிலிருந்து ஓர் அட்டை விழுந்தது. இருபத்து நாலு ஆங்கிலச் சொற்கள், நம்பர் போட்டு, அவர் கையெழுத்தில். ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது.

"என்னங்க இது?" என்று கத்தினேன். குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"டப்பி தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ அந்தச் சொல்லை வச்சு எல்லாத்தையும் மீட்டுரலாம். டப்பியைவிட அதுதான் முக்கியம். பத்திரமா வை!"

பத்திரமாக வைப்பதைப் பற்றி என்னிடமா சொல்ல வேண்டும்? ஊரார் சர்டிபிகேட்டைப் பத்திரமாக்கிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் முறைப்படி லேமினேஷன் போட்டேன்.

முறை என்றால் என் கடையில் முறைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மெஷின் ஒரு பையனின் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை அப்பளம் மாதிரி சுருட்டி விழுங்கிவிட்டது. அவன் அப்பா கடை வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, ஸ்கேன் எடுக்காமல் எந்தத் தாளும் லேமினேஷனுக்குள் போகக் கூடாது என்று சட்டம். ஸ்கேன் தானாகவே கடை மெயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மெயில் நாலு கம்ப்யூட்டரிலும் திறந்தே இருக்கும், பாஸ்வேர்டும் தூணில் ஒட்டியிருக்கும், வருகிறவர்கள் தங்கள் தாளைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளலாம். அவர் போனிலும் அந்த மெயில் உண்டு. அதைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

இன்றும் ஸ்கேன் எடுத்தேன், லேமினேஷன் போட்டேன், ஓரத்தை வளைவாக வெட்டினேன். கண்ணாடி மாதிரி வந்தது.

பேங்குக்குப் போயிருந்தவர் மூன்று மணிக்கு நனைந்துகொண்டே ஓடி வந்தார். "அந்த அட்டையைக் குடு, லேமினேஷன் எப்படி வந்திருக்குன்னு பாக்கேன்" என்றார். பதினாலு வருஷத்தில் இந்த மனிதர் என் லேமினேஷனைப் பார்க்க ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. பெருமையாகவே இருந்தது.

பிரிண்டரில் டிரம் மக்கர் செய்கிறது, சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று கடையிலேயே தங்கிவிட்டார். வந்ததும் அட்டையை என்னிடம் கொடுத்தார். இரண்டு கட்டைவிரலும் வலிக்கிறதென்று தைலம் தேய்த்துக்கொண்டார். டிரம் கழற்றுவதில் கட்டைவிரலுக்கு என்ன வேலையோ.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் கடைக்குப் போனால் தூணில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் காணோம். இவர்தான் கிழித்திருக்கிறார். மெயிலுக்கும் புது பாஸ்வேர்டு. "சும்மாதான். ரொம்ப நாளாச்சுல்லா" என்கிறார். பத்திர எழுத்தரிடம் குமாஸ்தாவாக இருக்கும் கொம்பையா தினமும் மூன்றாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானாக மெயிலைத் திறந்து வேலை பார்ப்பவர். "என்ன மதினி, அண்ணாச்சிக்கு என்மேல நம்பிக்கை போயிட்டா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான்தான் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

அட்டையை ரசப்பொடி டப்பாவுக்குள் வைத்தேன். லேமினேஷன் இருக்கும்போது ரசப்பொடிக்கு என்ன பயம்.

நவம்பர் 16, ஞாயிறு

நாள் முழுக்க மழை. ரசம் வைக்கும்போது அட்டை கைக்கு வந்தது. இட்லி அரிசிப் பானைக்கு மாற்றினேன்.

நவம்பர் 20, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் ஒரு கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகள் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார்கள். 'இணைய மோசடிகளிலிருந்து தற்காத்துக்கொள்வீர்.' பன்னிரண்டு அம்சம். நானே டைப் செய்தேன், நானே பிழை திருத்தினேன். ஏழாவது அம்சத்தில் ஒரு சந்திப்பிழை. அதைத் திருத்திய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன்.

'கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்களைத் தாளில் மட்டுமே எழுதி வைக்கவும். போட்டோ எடுக்காதீர். ஸ்கேன் செய்யாதீர். மெயிலில் வைக்காதீர். டப்பி எவரிடம் இருந்தாலும், சொற்களை வைத்திருப்பவரே பணத்தின் சொந்தக்காரர்.'

டப்பி என்று போடவில்லை, கருவி என்று போட்டிருந்தார்கள். எனக்கு டப்பி என்றுதான் கண்ணில் பட்டது.

வைரஸ் வைரஸ் என்று நாலு கம்ப்யூட்டரையும் நான் துடைத்துக்கொண்டிருக்க, எந்த வைரஸும் தொட முடியாத சாவியை என் கையாலேயே படம் எடுத்து மெயிலில் போட்டிருக்கிறேன். பாஸ்வேர்டு தூணில். தாலுகாவில் பாதிப் பேர் உட்கார்ந்து எழுகிற கம்ப்யூட்டரில். மறுநாள் வரை அது அங்கேதான் கிடந்திருக்கும்.

"ஆவுடையம்மா, ஏன் மூஞ்சி இப்பிடி வெளுத்துப்போச்சு?" என்றாள் அக்கா. மதியம் சாப்பாட்டில் மொச்சை, வாயுப்பிடிப்பு என்றேன். சுக்குக் காபி வாங்கி வந்து குடிக்க வைத்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

இவர் வருவதற்கு முன்னால் கடையைத் திறந்து மெயிலைத் தேடினேன். பதின்மூன்றாம் தேதி ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், ஆதார், யாரோ ஒருவரின் எக்ஸ்ரே. என் அட்டை மட்டும் இல்லை. அழித்ததெல்லாம் போய்க் கிடக்கும் குப்பைப் பெட்டியிலும் இல்லை. கம்ப்யூட்டரில் ஸ்கேன் விழுகிற இடத்திலும் இல்லை.

யாரோ எடுத்துவிட்டு, எடுத்த தடத்தையும் அழித்திருக்கிறார்கள். திருடன் விவரமானவன்.

நவம்பர் 22, சனி

தோசை சுடும்போது, பக்கத்து வீட்டுச் செய்தி விசாரிப்பது மாதிரி கேட்டேன்.

"அந்தக் காயினெல்லாம் இருக்கா?"

போனில் காட்டினார். இருக்கிறது. அப்படியே இருக்கிறது. அப்படியானால் திருடன் இன்னும் கை வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறானோ?

"அந்த இருவத்து நாலு சொல்லை மாத்திட்டா என்ன? புது வீட்டுக்குப் புதுப் பூட்டு போடுத மாதிரி" என்று மெதுவாக இழுத்தேன்.

"எதுக்கு? இப்ப இருக்கது புத்தம் புதுசு" என்றவர், உடனே சட்னியில் உப்பு குறைவு என்று பேச்சை மாற்றினார். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய டப்பி புத்தம் புதுசாம். ஆண்களுக்குக் கணக்கே வராது. சட்னியில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

சந்தேகம் கொம்பையாமேல்தான். மூன்றாம் கம்ப்யூட்டர், தினமும் மெயில், பாஸ்வேர்டு மாறியபோது வந்த கோபம், எல்லாம் பொருந்துகிறது. போதாததற்கு இன்று புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

நானும் விடவில்லை. "கொம்பையா, வெளிநாட்டுக் காசு, கண்ணுக்குத் தெரியாத காசு, இதப் பத்தியெல்லாம் உங்களுக்கு எதுவும் தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாத காசா? எங்க ஓனர் மாசாமாசம் எனக்குக் குடுக்கது அதுதானே மதினி" என்றார்.

சிரித்துச் சமாளிக்கிறார். கள்ளன். அட்டையை இட்லி அரிசியிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தூங்கும்போதும் பை தலைமாட்டில்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் "இருக்கா?" "இருக்கு."

நவம்பர் 26, புதன்

"இருக்கா?" என்றேன். "உனக்கு என்மேல இவ்வளவு அக்கறை வந்ததே பெருசு" என்று சந்தோஷப்படுகிறார். அதுவேறு குத்துகிறது.

நவம்பர் 27, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். நிஜமாகவே போனேன்.

கடையில் ஆள் இல்லாத நேரம். "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "இரு, மொதல்ல நான் ஒண்ணு காட்டுதேன்" என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். புதுப் பலகைக்கு டிசைன் போட்டிருக்கிறார். நீல நிறத்தில், பெரிதாக, 'ஆவுடையம்மாள்' என்று என் முழுப் பெயர். கீழே சின்ன எழுத்தில் 'சொந்தக் கட்டடம்' என்று போட்டுவிட்டு, அது அலட்டலாக இருக்குமோ என்று என்னையே கேட்டார். பன்னிரண்டாம் தேதி பத்திரம் முடிந்ததும் பலகை ஏறிவிட வேண்டுமாம். அளவெடுக்க ஏணியில் ஏறி இறங்கியதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறார். அதைக்கூடக் காட்டிச் சிரிக்கிறார்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"எழுத்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருக்கு" என்று சொல்லிவிட்டு, பின்னால் பேப்பர் அடுக்கும் இடத்துக்குப் போய் அழுதேன்.

பயமாக இருக்கிறது. கடை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. ஒன்பது வருஷம் நான் திட்டத் திட்ட, கேலி பேசப் பேச, வாயைத் திறக்காமல் இந்த மனிதர் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். அதை ஒரே மதியத்தில், அதுவும் சட்டம் பேசிக்கொண்டே, நான் தெருவில் வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது அவர் கோபப்படாமல் இருப்பது இல்லை. அவர் என்னைத் திட்டவே மாட்டார். அதுதான் தாங்காது.

டிசம்பர் 1, திங்கள்

கொம்பையா திருடன் இல்லை. ஸ்கூட்டர் மகள் வாங்கிக் கொடுத்தது. மகளுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. இனிப்புக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மொத சம்பளத்துல எனக்கு வண்டி மதினி" என்று வண்டிச் சாவியை எடுத்துக் காட்டினார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. இரண்டு மைசூர்பாகு தின்றேன், வெட்கத்தில். அவர் கொண்டுவந்த வில்லங்கச் சான்றிதழ் முப்பது பக்கத்துக்கும் காசு வாங்கவில்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம்.

டிசம்பர் 4, வியாழன்

"இருக்கா?" "இருக்கு." மழை விட்டிருக்கிறது. லேமினேஷனுக்கு இன்று பதினோரு பேர். முன்பெல்லாம் ஸ்கேன் வெளிச்சம் நகர்வதைப் பார்க்கப் பிடிக்கும். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நாளை மறுநாள் விற்பனை. அன்றைக்குப் பார்த்து எவனாவது முந்திக்கொண்டால் வெள்ளிக்கிழமை அண்ணாச்சி முகத்தில் எப்படி விழிப்பது? இதற்கு மேல் மறைப்பது துரோகம். நாளைக்குச் சொல்லிவிடுவேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் இதில் எழுதி, டைப் செய்கிற மாதிரி திருத்திக்கொண்டு, அப்புறம் சொல்வேன்.

டிசம்பர் 8, திங்கள்

எழுத உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத் திருப்பினேன். வலது மூலையில் பென்சிலில் ஓர் ஆங்கிலச் சொல். பக்கத்தில் 1 என்று நம்பர். நான் எழுதியதில்லை.

ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். 2, இன்னொரு சொல். பத்தாம் தேதி, 3. எல்லாம் இவர் கையெழுத்து. திருப்பிக்கொண்டே போனேன். டிசம்பர் 31-இல் 24.

கைப்பையிலிருந்து லேமினேஷன் அட்டையை எடுத்து ஒப்பிட்டேன். ஒன்றுகூட அதே சொல் இல்லை. வேறு இருபத்து நாலு. புத்தம் புதுசு.

முப்பத்தொன்றாம் தேதிப் பக்கத்தில், கடைசிச் சொல்லுக்குக் கீழே ஒரு வரி: 'ஆவுடை, இதை ஸ்கேன் பண்ணிராத.'

உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. டைரியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைக்கு எழுதுனீங்க இதை?"

டைரியைப் பார்த்ததும் செருப்பை ஒரு காலோடு விட்டுவிட்டார். "பதிமூணாந்தேதி. பேங்க்ல நிக்கேன், கடை மெயில் போன்ல டிங்னு வருது. தொறந்தா நம்ம அட்டை. குலை பதறிப் போச்சு. அழிச்சேன், ஓடியாந்தேன். அன்னைக்கே டப்பியில புதுச் சொல் வாங்கி, எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டேன். ரெண்டு பொத்தானை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாத் தேடி, அதுவும் மூணு தடவை. கட்டைவிரல் போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஊருக்கே சட்டம் போடுதவ நீ. அந்தச் சட்டத்தாலதான் தப்பு வந்துச்சுன்னு எந்த வாயால சொல்ல? எட்டாந்தேதிக்குள்ள சொல்லிரணும்னுதான் இருந்தேன். தெனமும் நாளைக்கு நாளைக்குன்னு போச்சு."

"பழைய அட்டையை நான் தலைமாட்டுல வச்சுத் தூங்குதேன்!"

"பாத்தேன். லேமினேஷன் மேல அவ்வளவு பாசம்னு நெனைச்சேன்."

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "இந்த டைரி எதுக்கு?"

"இந்த வீட்ல யாரும் தொடத் துணியாத பொஸ்தகம் இது ஒண்ணுதான். கம்ப்யூட்டர் படாத தாளு வேற எங்க இருக்கு? நீ எழுதுன பக்கம் எதையும் பாக்கல ஆவுடை. அன்னைக்கு ராத்திரி நீ தூங்குன பொறவு, கடைசியிலேருந்து எண்ணி, நீ இன்னும் போகாத பக்கமாப் பாத்துத்தான் எழுதினேன்."

பார்க்கவில்லை என்பதை நம்புகிறேன். சத்தியம் எதுவும் தேவையில்லை. இந்த மனிதர் இதில் நவம்பர் இருபதாம் தேதியை ஒரு வரி படித்திருந்தால், என்னை மறுநாள் காலை வரைகூடத் தவிக்க விட்டிருக்க மாட்டார். பதினெட்டு நாள் தவித்தேன் என்பதே சாட்சி.

டிசம்பர் 9, செவ்வாய்

விற்பனை நாள். காயினை விற்றுத் தரும் நிறுவனம் அதை அனுப்பச் சொன்ன முகவரி அவர் போனில் வந்தது. நாற்பது எழுத்துக்கு மேல் இருக்கும், தலைகால் புரியாத எழுத்தும் எண்ணும். அதைக் கடை மெயிலுக்கு அனுப்பி, மூன்றாம் கம்ப்யூட்டரில் திறந்து காப்பி செய்து போட்டார். டப்பியின் திரையில் முகவரி ஓடியது. முதல் நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்று பொத்தானில் விரலை வைத்தார்.

"இருங்க. நான் போன்ல இருக்கதை வாசிக்கேன். நீங்க டப்பியைப் பாத்துச் சொல்லுங்க."

கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்ப்பது அப்படித்தான். ஒருவர் வாசிப்பார், ஒருவர் பார்ப்பார், ஓர் எழுத்துகூடத் தாவக் கூடாது. வாசித்தேன். முதல் நாலு எழுத்தும் சரி. ஐந்தாவதில், "இங்க வேற இருக்கே" என்றார். ஆறாவதும் வேறு, ஏழாவதும் வேறு. கடைசி நாலு எழுத்து மட்டும் மறுபடி சரியாக இருந்தது.

கம்ப்யூட்டருக்குள் இருந்த ஏதோ ஒரு சைத்தான், காப்பி செய்த முகவரியை எடுத்துவிட்டு, அதே சாயலில் தன் முகவரியை வைத்திருக்கிறது. பொத்தானை அமுக்கியிருந்தால் டப்பி அந்தத் தப்பான தாளிலேயே ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருக்கும். அவர் விரலை எடுத்து, தீயைத் தொட்டவர் மாதிரி உதறினார்.

"சொன்னேன்லா, தாலுகா பூராவும் பென்டிரைவ் சொருகுத மிஷினுன்னு."

"சொன்ன தாயி, சொன்ன" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்குப் போய் அவருடைய லேப்டாப்பில் செய்தோம். அங்கேயும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசிக்க வைத்தேன். எல்லாம் பொருந்திய பிறகு, பொத்தானை என்னையே அமுக்கச் சொன்னார். கட்டடத்துக்கு வேண்டியது மட்டும் போயிற்று. மீதி அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. ஸ்கேன் சட்டத்தையும் திருத்தியிருக்கிறேன். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் அது என்ன தாள் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

பத்திரம் பதிவானது. எழுதியது கொம்பையாவின் ஓனர்தான். பிழை ஏதும் இருக்கிறதா என்று நான் மூன்று தடவை வாசித்துவிட்டு, நான்காம் தடவைக்குக் கை நீட்டியபோது சார்பதிவாளர் சிரித்துவிட்டார். லெட்சுமண அண்ணாச்சி சாவிக்கொத்தைக் கொடுத்தார். மரியபாக்கியம் அக்கா சர்ச்சிலிருந்து வாங்கிவந்த மெழுகுவர்த்தியைக் கல்லாப்பெட்டிமேல் ஏற்றி வைத்தாள். பலகை ஏறிவிட்டது. 'சொந்தக் கட்டடம்' என்ற வரியை அவர் எடுத்துவிட்டிருந்தார். நான் போடச் சொன்னேன். அலட்டலாகவே இருக்கட்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியை அவரிடம் நீட்டினேன்.

"படிங்க."

"நெசமாவா?"

"மொத பக்கத்துலேருந்து."

சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். லேமினேஷன் பெருமைக்கு ஒரு சிரிப்பு. தைலத்துக்கு இன்னொன்று. கொம்பையாவை நான் விசாரித்த இடத்தில் நாற்காலியே ஆடியது. "ஆண்களுக்குக் கணக்கு வராதாக்கும்!" என்று சத்தம் போட்டார். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். இருபத்தேழாம் தேதிப் பக்கம். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடியும் மேலேயிருந்து படித்தார்.

டைரியை மூடி வைத்துவிட்டு சமையல்கட்டுக்கு வந்தார். என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார்.

"அன்னைக்கு எழுத்து இடது பக்கம் தள்ளியிருக்குன்னு சொன்னதும் நான் உக்காந்து ஸ்கேலை வச்சு அளந்தேன் ஆவுடை. சரியாத்தான் இருந்துச்சு. அப்பமே கேட்டிருக்கணும்."

வெங்காயத்தின் பேரில் அழுதுகொண்டேன். அவரும் அதன் பேரிலேயே அழுதார்.